ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கோர்ட்

கர்த்தர் நல்லவர். இதைச் சின்ன வயதிலிருந்தே வாயால் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். அனுபவித்துச் சொல்ல ஐம்பத்திரண்டு வயது ஆனது. கேளுங்கள், நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

என் பெயர் எஸ்தர். ஜொகூர் மாநிலத்தில் கெலாங் பாத்தாவில் இருக்கிறேன். இருபது வருடமாகப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அம்மா லாயாங் லாயாங்கில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டு நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்துதான் வாங்கினார்கள். ஆனால் கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், பெரியப்பா பெயர் மட்டும். "அண்ணன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?" என்பார் அப்பா. பாதி தம்பிக்குத்தான் என்று பெரியப்பா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு சரி, பெயர் மாற்ற யாரும் நிலக் காரியாலயத்துப் பக்கம் போகவில்லை. இருவரும் கர்த்தரிடம் போய்விட்டார்கள். நிலம் பெரியப்பா மகன் தாவீது அண்ணன் பெயருக்கு வந்தது.

ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்த காலம் அது. இரண்டு நாள் லீவு போட்டு ஒரு வியாழக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். "சுக்காய் தானா வந்திருக்கு, பாரு," என்று அம்மா ஒரு கவரை நீட்டினார். சுக்காய் தானா என்றால் நில வரி. பிரித்தால் வரி இல்லை, குளுவாங் கோர்ட் சம்மன்! பதினொரு நாளுக்கு முன்பே மோட்டாரில் வந்து ஒருவன் கொடுத்துவிட்டுப் போனானாம். அம்மாவும் கையெழுத்துப் போட்டு வாங்கி, நான் வரட்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். அண்ணன் வழக்குப் போட்டிருந்தார். நிலம் முழுதும் தன்னுடையதாம், அம்மா காலி செய்ய வேண்டுமாம். வழக்கை எதிர்க்கிறோம் என்று பதினான்கு நாளுக்குள் கோர்ட்டில் பதியாவிட்டால் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடலாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுபத்தெட்டு வயது அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு நாளை எண்ணிப் பார்த்தேன். பதினான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாடா என்றிருந்தது. ஞாயிறு கோர்ட் மூடியிருக்கும், திங்கட்கிழமை போட்டால் போதும் என்று நானே முடிவு செய்தேன். ஜொகூர் பாருவில் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டு, "கடைசி நாள் திங்கள்" என்றேன். திங்கள் காலைக்கு நேரம் கொடுத்தார்கள்.

மறுநாள் வெள்ளி. அம்மாவின் சபையில் அன்றுதான் ஆராதனை. ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் அம்மா என் முழங்கையைத் தட்டினார். "எந்திரிச்சு சொல்லு."

"சொந்தக்காரங்க சண்டைய ஊர் முன்னால சொல்றதாம்மா? மானம் போயிடும்."

"மானத்தை வச்சுக்கிட்டு எங்க குடியிருக்கிறது? சொல்லு."

வேறு வழியில்லாமல் எழுந்தேன். விஷயத்தைச் சொல்லி, "நாயித்துக்கிழம கோர்ட் லீவு, திங்கக்கிழம நல்லபடியா பதியணும், ஜெபிச்சுக்குங்க" என்றேன். போதகர் கண்ணை மூடி ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம்கூட முடிந்திருக்காது.

"அலாமாக், அக்கா! நாயித்துக்கிழம கோர்ட் தொறந்திருக்கும் லா!"

எல்லோரும் கண்ணைத் திறந்தோம். பின்வரிசையில் செல்வி நின்றிருந்தாள். குளுவாங் கோர்ட் கேண்டீனில் நாசி லெமாக் சோறு விற்கிறவள். "மன்னிச்சுக்குங்க பாஸ்டர், ஆமென் வரைக்கும் பொறுக்க முடியல. வெள்ளி, சனிதான் கோர்ட் லீவு. நாயிறு எனக்கு நல்ல வியாபாரம். திங்கக்கிழம போனா காலம் தாண்டிப் போச்சும்பாங்க அக்கா!"

சிங்கப்பூர்க் காலண்டரிலேயே வாழ்ந்து என் சொந்த மாநிலத்தின் விடுமுறையை மறந்திருக்கிறேன். அதுவும் எங்கே உட்கார்ந்துகொண்டு? விடுமுறை என்பதாலேயே வெள்ளிக்கிழமை வைக்கும் ஆராதனையில்! போதகரே சிரித்துவிட்டார். "பதில் வந்தாச்சு. இப்ப நன்றி சொல்லி முடிப்போம்," என்றார். சபை முழுதும் கைதட்டியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஞாயிறு காலை அம்மாவோடு குளுவாங் கோர்ட்டுக்குப் போனேன். செல்வி, கேண்டீனில் பாதி நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வக்கீலை எங்களிடம் கூட்டி வந்தாள். அவர் தாள்களைப் படித்தார், தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மதியத்துக்குள் பதிவாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே அண்ணனின் வக்கீல் வழக்கை எதிர்க்க ஆளில்லை என்று நினைத்துத் தீர்ப்புக் கேட்கப் போயிருக்கிறார். அங்கே எங்கள் பதில் கிடந்தது. அல்லேலூயா!

பிறகு கோர்ட் எங்களைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. பெரியப்பா எழுதிய தாளை எங்கள் வக்கீல் மேசையில் வைத்தார். அண்ணன் அதை அதுவரை பார்த்ததே இல்லை. காட்டினால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களோ என்று பயந்து நாங்கள் யாரும் காட்டியதில்லை. எடுத்தார், படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எங்கப்பா கையெழுத்துதான். எனக்குத் தெரியாது எஸ்தர். சின்னம்மா, என்னை மன்னிச்சுடுங்க."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டியாய்யா?" என்றுதான் கேட்டார். அவ்வளவுதான் அம்மா போட்ட சண்டை! வழக்கை முடித்துக்கொண்டு பாதி நிலத்தைப் பிரித்துக் கொடுக்க அண்ணன் சம்மதித்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

இத்தனை வருடம் எல்லாவற்றையும் நானே கணக்குப் போட்டு நடத்தியவள். கஷ்டத்தை வெளியே சொல்வது கௌரவக் குறைச்சல் என்றிருந்தேன். இப்போது அப்படி இல்லை. சபையில் முதல் ஆளாக எழுந்து நிற்கிறேன், அடுத்தவர் குறிப்பையும் காது கொடுத்துக் கேட்கிறேன். அன்று நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் செல்விக்கு எப்படித் தெரியும்? உங்கள் கஷ்டத்துக்கான பதிலைக் கர்த்தர் உங்கள் பின்வரிசையிலேயே உட்கார வைத்திருக்கலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

போன மாதம் பாதி நிலத்துக்குப் புதுக் கிராண்டு வந்தது. அம்மாவுக்கு மலாய் எழுத்து சரியாக வராது. "என்ன போட்டிருக்கு?" என்றார். அவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து வாசித்தேன். இந்த வயது வரை அம்மா பெயரில் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை.

"என் பேரா?" என்றார். "இன்னொரு தடவ படி."

படித்தேன்.