அணைக்கச் சொல்லாத விளக்கு

ஒரே வட்டத்தில் சுற்றும் வாழ்க்கையில், ஒரு மனிதர் தானாக எடுக்கும் முடிவுக்கு எங்கே இடம் இருக்கிறது? ஏறாவூர் ஸுஹைனாவின் நாற்பத்தொரு வயதுவரையான கதையைக் கேட்டால் இந்தக் கேள்விதான் எழும். பதினொரு வருடம் டோஹாவில் இரண்டு வீடுகளில் வேலை. காலையில் தூசு தட்டல், பகலில் சமையல், பின்னேரம் துணி தேய்த்தல், மறுநாளும் அதுவே. எதையும் செய்யலாமா வேண்டாமா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

ஊருக்கு வந்து நான்கு மாதமாகியிருந்தது. மூத்த சகோதரன் முனாப் அடுத்த விசாவுக்கு ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிட்டான். ஜூலை முடியுமுன் பதில் சொல்ல வேண்டும். ஸுஹைனாவுக்குப் போக மனமில்லை. கோழிக்குஞ்சு பொரித்து விற்கலாம் என்று ஒரு யோசனை மட்டும் இருந்தது. மீன் வரும் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்று, இரண்டு மின்குமிழ்கள், வெப்பம் அளக்கும் சின்னக் கம்பி, குமிழ்களைப் போட்டு அணைக்க உள்ளங்கையளவு மின்பலகை. அந்தப் பலகைக்கு என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் பெண்களுக்கான கணினி வகுப்பில் சேர்ந்தாள். படிப்பித்த ஸாதியாவுக்கு இருபத்திநான்கு வயது. வகுப்பில் மற்ற எல்லோரும் ஸாதியாவிலும் இளையவர்கள்.

முதலில் படித்தது மீள்செயல். சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்வது. ஸுஹைனாவுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. பத்து நிமிடம் விளக்கைப் போடு, பத்து நிமிடம் அணை, மறுபடி தொடங்கு என்று எழுதி, பக்கத்து வீட்டு ஆசியா உம்மாவின் கோழிமுட்டை பன்னிரண்டை வைத்தாள். ஐந்தாம் நாள் கச்சான் காற்று அனலாய் அடித்தது. ஊரே வெந்தது. பெட்டியோ மணிக்கூடு பார்த்து, பத்து நிமிடத்துக்கொருமுறை இன்னும் சூடேற்றிக்கொண்டிருந்தது. முட்டைகள் கெட்டன.

"அவிச்ச முட்ட வேணுமெண்டா சட்டி இருக்கேகா. பெட்டி எதுக்கு?" என்றாள் ஆசியா உம்மா.

அடுத்த கிழமை வகுப்பில் தேர்வு வந்தது. இப்படியென்றால் இதைச் செய் என்று சொல்வது. வெப்பத்தைப் பார், முப்பத்தேழரைக்குக் குறைந்தால் விளக்கைப் போடு, மறுபடி பார். மீள்செயலுக்குள் தேர்வை வைத்துவிட்டாள். இனி என்ன குறை என்று இன்னொரு தட்டு முட்டை வைத்தாள். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. முதல் நாள் போட்ட விளக்கு அணையவே இல்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸாதியாவிடம் போனாள். விளக்கை அணைக்கும் வரியைத் தேடிப் பார்த்தாள் ஸாதியா.

"போடச் சொல்லியிருக்கீங்க ராத்தா. நூக்கச் சொன்ன இடம் எங்க?"

"அதையும் சொல்லணுமா புள்ள? சூடு ஏறினா நூக்கத்தானே வேணும்!"

"அது உங்களுக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே."

ஸுஹைனா தான் எழுதிய வரிகளை மறுபடி வாசித்தாள். டோஹா வீட்டுக்காரி, வெயில் வந்தால் திரையை இழு என்று மட்டும்தான் சொல்வாள். வெயில் போனபின் திறக்க வேண்டுமென்று ஒருநாளும் சொன்னதில்லை. திறக்காவிட்டால் மட்டும் ஏச்சு விழும். சொல்லாத பாதியைத் தானே அறிந்து செய்து பழகியவள், எழுதும்போதும் அந்தப் பாதியை எழுதாமல் விட்டிருக்கிறாள். புத்திக்குறைவால் வரும் பிழை அல்ல அது. பிறர் வீட்டில் நெடுநாள் உழைத்தவருக்கு வரும் பிழை.

"இல்லாட்டி" என்று ஒரு வரி சேர்த்தாள். இல்லாவிட்டால் விளக்கை அணை.

ஆசியா உம்மா இந்த முறை முப்பது முட்டை கொடுத்தாள். "இதுவும் போனா மறுகா என்ட வாசலுக்கு வராத. என்ட கோழிகளுக்கு உன்னைக் கண்டாலே பயம்!"

ஜூலை மூன்றாம் திகதி காலை முட்டைகளை அடுக்கி மூடியைப் போட்டாள். பிறகு முற்றத்துக்குப் போய் போனில் யாரிடமோ இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். யாருடன் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் போன் வெளிச்சத்தின்மேல் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்களாய்ப் பரவியிருந்தன. பத்தாம் நாள் மறுபடி கச்சான். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். முப்பத்தேழரை. டிக். விளக்கு அணைந்தது. சற்றுப் பொறுத்து, டிக், எரிந்தது. மறுபடி அணைந்தது. கோப்பையில் சோறு காய்ந்துபோனது. அவள் சொன்னதை, சொன்னபடி, ஒருவர் பதில் பேசாமல் செய்வதை வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தோராம் நாள் விடியவே பெட்டிக்குள் கீச்சொலி. முப்பதில் இருபத்தேழு ஓட்டை உடைத்து வந்தன. ஸாதியா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். ஆசியா உம்மா தன் முந்தானையில் இரண்டு குஞ்சை எடுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "அல்லாஹ்வே! என்ட கோழிக்குப் பதின்மூணுக்கு மேல அடைகாக்க ஏலாதுகா" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வராது. அதுவே நிறைய. நாளைக்கு நாற்பது முட்டை தருவதாகவும் சொன்னாள்.

முனாப் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். பிடிவாதக்காரன் என்றாலும் கண்ணால் கண்டதை மறுப்பவன் அல்ல. "சரி, நீ போகத் தேவல்ல. நான் ஏஜென்சிக்குச் சொல்றன்" என்று போனை எடுத்தான். பேசியவனின் முகம் மாறியது.

"நீ மூணாந் திகதியே வேணாமெண்டு சொல்லிட்டியாம்!"

ஸுஹைனா குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு இது வெறும் முட்ட தங்கச்சி. முதல் ரெண்டு தட்டும் நாசமாப் போயிருந்தது. இதுவும் போயிருந்தா என்ன செஞ்சிருப்பாய்? இருவத்தொரு நாள் பொறுத்துப் பாத்திட்டுச் சொல்ல ஏலாதா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க காக்கா. வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள் அண்ணனிடம்.

பொரிக்குமுன்பே ஏன் வேண்டாமென்றாள் என்று அதன் பிறகு ஸாதியாவும் ஒருமுறை கேட்டாள். ஆசியா உம்மா பலமுறை கேட்டாள். ஸுஹைனா எவருக்கும் சொல்லவில்லை.