வாங்காத காருக்கு வைத்த தேசிக்காய்

"வாங்கப் போகேல்லை, காரை ஓடிப்பார்க்கத்தானே போறம்" என்று மனைவி சொல்லியும் கேளாமல், கண்ணூறு கழிக்க நான்கு தேசிக்காய்களோடு போனேன். கண்ணூறில் நம்பிக்கை இல்லை என்று வேலை செய்யும் கந்தோரில் சொல்லித் திரிகிறவன்தான் நான். கார் விற்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, அந்தச் சின்ன மின்சாரக் காரின் சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு ஏறிப் பொத்தானை அமத்தினேன். சத்தமே இல்லை.

"ஸ்டார்ட் ஆகேல்லை" என்றேன்.

"அது எப்பவோ ஸ்டார்ட் ஐயா. பிரேக்கை விடுங்கோ."

விட்டேன். தேசிக்காய்கள் நசிந்த சத்தத்தில்தான் கார் நகர்வதே எனக்குத் தெரிந்தது. நிலாவெளி வரை இராசா மாதிரிப் போய்வந்து, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று நழுவினேன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் நான் ஓடிப்பார்த்த அதே காரை வாங்கிவிட்டார். "ஒரு கரைச்சலும் இல்லாமல் ஓடுது" என்று அவர் ஒருநாள் பெருமைப்பட, மனைவி சிரிக்காமல் சொன்னாள்:

"பின்னே? அதுக்குக் கண்ணூறு கழிச்சது இவரெல்லே!"