உப்புப் போடாத குழம்பு

புதுப்பட்டினத்தில் கடலோரமாக வீடு கட்டிக் குடியேறிய புதிதில், மழையே இல்லாத ஒரு கோடையில் நான் செய்த தவறு இது. கொல்லையில் போட்டிருந்த கத்தரியும் வெண்டையும் வாடிவிடக் கூடாது என்று போர்வெல் மோட்டாரை நாள் முழுக்க ஓடவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் கிணற்றில்தான் தெருவே குடிக்கத் தண்ணீர் எடுத்தது. அவர் வேலியோரம் வந்து, "இன்னா சார், இப்டி உறிஞ்சிகினே கீறீங்க? நல்ல தண்ணி தீந்துட்டா கடல் தண்ணி உள்ள ஏறிடும்" என்றார்.

"என் எடத்துத் தண்ணிதானேம்மா?" என்றேன்.

வைகாசியில் செடி கொள்ளாமல் காய்த்தது. ஒரு கூடை கத்தரிக்காயைப் பெருமையோடு அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தார். வாயில் வைத்தேன். கரித்தது.

"உங்க காயி, எங்க கெணத்துத் தண்ணி. உப்பு நான் போடவே இல்ல சார்."

அவர் குரலில் கோபமே இல்லை. அன்றே மோட்டாரை நிறுத்தினேன். ஐப்பசி மழைக்குப் பிறகும் அந்தக் கிணறு தேறவில்லை. பெண்கள் குடங்களோடு என் வாசலைத் தாண்டித்தான் தூரத்துக் குழாய்க்குப் போனார்கள்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். எதைப் போட்டுக் கொடுப்பது என்று தெரியாமல், அந்தக் கிண்ணம் இன்னும் என்னிடமே இருக்கிறது.