வேலை கிடைத்தவர்கள்

வீட்டில் நான் இருந்தேன். மனைவி இருந்தாள். கணினி நிரல் பயிற்சி முடித்த மகள் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைப் போனில் காட்டினார். வேலை கிடைத்தவர்கள் வரிசையில் மகள் படம்.

"என் மகனையும் சேக்கட்டுமாண்ணே?"

மகள் வேலைக்கு நிற்பது பக்கத்து ஊர் புக்கிட் ரோத்தானில், ஒரு சாப்பாட்டுக் கடையில்.

"வேலைக்குப் போறாளான்னு அந்த நிலையத்துலேருந்து போன்ல கேட்டாங்க. ஆமான்னேன்," என்றாள் மனைவி. "தட்டு கழுவுறான்னா வெளியாளுகிட்ட சொல்லுவாங்க?"

எங்கள் எஸ்டேட்டில் யாரும் சொல்ல மாட்டோம். அது தெரிந்துதான் நிலையத்துக்காரர்கள் என்ன வேலை என்று கேட்பதில்லை.

பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"எந்த வேலையும் வேலைதானே லா, அங்கிள்," என்றான் ஒருவன். வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மகளோடு படித்தவர்களைப் பற்றி அவளையே விசாரிக்கச் சொன்னேன். பதினெட்டுப் பேர் படித்தார்கள். நிரல் எழுதும் வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேர்.