சத்தமில்லாமல் இறங்கிய ஊர்வலம்

ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வரும் நாள். ஐந்து மணிக்கு எழுந்து குழாயடியில் முதல் குடத்தை வைத்தேன். சமையலுக்குப் பித்தளைக் குடங்கள், அடுத்து குளியலறை டிரம், கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நீல டிரம். இந்த வரிசை மாறினால் அன்று முழுவதும் எனக்கு ஏதோ விட்டுப்போனது போலவே இருக்கும். நிரப்பி முடித்து, மூடிகளைத் துடைத்துப் போட்டு, நனைந்த ஸ்வெட்டரை அடுப்பருகே காயவைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். பக்கத்து ஊரான வெலிங்டனில் ராணுவக் கிடங்கு ஒன்றில் நான் சிவிலியன் எழுத்தர். வாரத்துக்கு வேண்டிய சட்டைகளை ஞாயிறன்றே தேய்த்து வைத்துவிடுவது வழக்கம்.

மூன்றாவது சட்டையின் காலரில் இருந்தபோது தம்பி படியேறி வந்தான். எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில்தான் அவன் குடியிருந்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் பெரிய சதுர டின்களைக் கட்டி, கடைவீதி பேக்கரியிலிருந்து வர்க்கி என்னும் மொறுமொறு ரொட்டியை எடுத்துக்கொண்டு மஞ்சூர் சாலையில் இருக்கும் எஸ்டேட் டீக்கடைகளுக்கெல்லாம் போடுவான். விடியும் முன்னே போய் மத்தியானம் திரும்புவான். அது ஒன்றுதான் அவனுக்குப் பிழைப்பு.

"அண்ணா, மத்தியானம் போறோம். சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரமாக அதே பேச்சு. வண்டி இன்சூரன்ஸ், அதாவது நாம் யாரையாவது இடித்துவிட்டால் அவர்களுக்குப் போகும் பணத்துக்காகக் கட்டும் தொகை, வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்தது. வண்டிக்கு வயதாக ஆக அதன் விலை இறங்கியது, இது மட்டும் ஏறியது. தம்பியின் வண்டிக்கு அன்று நள்ளிரவோடு இன்சூரன்ஸ் முடிகிறது. புதுப்பிக்காமல் விட்டிருந்தான். திங்கட்கிழமைகளில் சாலைப் பிரிவில் போலீஸ் நின்று காகிதம் பார்க்கும். போன மாதம் வர்க்கி போடும் இன்னொருவரின் வண்டியைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் மழையில் நிறுத்திவிட்டார்கள். அதை மீட்டுக்கொண்டு வருவதற்குள் அவருடைய கடைகளையெல்லாம் ஒரு வேன்காரன் எடுத்துக்கொண்டான். தம்பிக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த கவலை.

"கட்டிட்டு அப்புறம் போய்க் கேளேன்," என்றேன்.

"கட்டிட்டுக் கேட்டா எவனுக்குங்ணா காது கேக்கும்? இன்னும் எத்தனை வருசம் கட்டிக் கட்டியே கேக்கறது?"

மஞ்சூர் சாலையில், ஒரு எஸ்டேட்டுக்குக் கீழே, புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடையைத் திறந்து வைக்க அன்று மாலை ஓர் அரசியல் பிரமுகர் வருவதாக இருந்தது. எல்லாரும் அவரைத் தலைவர் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களை ஒர்க்ஷாப் மெக்கானிக் ஒருவர் திரட்டியிருந்தார். மேலே உச்சியில் கூடி, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, எஞ்சினை முறுக்கிக்கொண்டு இறங்கி, மேடையை ஒரு சுற்று சுற்றி நிறுத்தி, அவரைக் கேள்வி கேட்பது என்று திட்டம். கேட்க வேண்டியவன் என் தம்பி. கடைக்குக் கடை பேசிப் பழகியவன் என்பதால் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவனுக்கு முன்கோபம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் மனைவிக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியின் ஒயரை அவளே பிடுங்கிவிட்டாள். "நீங்களும் கூடப் போங்க. வாய விட்டு ஏதாவது கேசுல மாட்டிக்கப் போறாரு."

அரசுப் பணியில் இருப்பவன் இப்படிப்பட்ட ஊர்வலங்களில் கலந்துகொள்ளக்கூடாது. பஸ்ஸில் போய்க் கூட்டத்தோடு நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தேய்க்காத சட்டைகளை மடித்து வைத்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன். கடைசியில் தம்பியின் பின்சீட்டில் ஏறினேன். பின்னால் உட்கார்ந்திருப்பவன் வண்டி ஓட்டுபவன் ஆகமாட்டான் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

உச்சியில் டீக்கடை முன்னால் ஐம்பது அறுபது வண்டிகள் நின்றன. முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுபவர்கள், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர்கள், எஸ்டேட் மெக்கானிக்குகள், கேஸ் சிலிண்டர் போடுபவர். தூறல் விடவில்லை. எல்லாரும் மழைக்கோட்டு மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தம்பியின் வண்டியிலும் மெக்கானிக்கே வந்து ஒன்றைக் கட்டினார்.

"ஏனுங்க வர்க்கிக்காரரே, மேடைக்கு முன்னால நாக்கு ஒட்டிக்கப் போகுதுங்க. ஒரு டீ குடிச்சுக்குங்க."

"என்ற நாக்கு ஒட்டாதுங்க. உங்க ஹாரன் அடிக்குதான்னு பாருங்க மொதல்ல."

அவர் அடித்துக் காட்டினார். உடனே எல்லாரும் அடித்தார்கள். டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். கீழே ஒலிபெருக்கியில் யாரோ வரவேற்றுப் பேசுவது பனிக்குள்ளிருந்து கேட்டது. மெக்கானிக் கையை உயர்த்த, புறப்பட்டோம்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் இறக்கம் வந்தால் வண்டிக்காரர்கள் எஞ்சினை ஓடவிடுவதில்லை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். பெட்ரோல் மிச்சம். அந்த உச்சியிலிருந்து நிழற்குடை வரைக்கும் ஒரே இறக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, சரிவு தொடங்கும் இடத்தில் கை தானாகச் சாவிக்குப் போய்விடும்.

அன்றும் போனது. முதல் வளைவுக்குள் முன்னால் போன வண்டிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தம்பியும் சாவியைத் திருப்பினான். சாவி ஆஃப் ஆனால் எஞ்சினும் இல்லை, ஹாரனும் இல்லை. ஈர ரோட்டில் டயர்கள் உரசுவதும், சங்கிலி கறகறப்பதும், மழைக்கோட்டுகள் காற்றில் படபடப்பதும்தான் கேட்டன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனோம். என் மனதில் மேடையும் போலீசும் தம்பியின் கோபமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் போடத்தான் வந்தோம் என்பது நிழற்குடையின் சீரியல் பல்பு தெரியும் வரைக்கும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். கறுப்பு ரிப்பன், இருண்ட கோட்டுகள், ஓசையில்லாமல் வந்து நிற்கும் வரிசை. கட்சியில் இருப்பவர்களுக்கு மௌன ஊர்வலம் என்றால் ஒரே பொருள்தான். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"நம்ம ஆளுக யாரோ தவறிட்டாப்பல தெரியுது. எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நில்லுங்க கண்ணுகளா."

கூட்டம் எழுந்து நின்றது. நாற்காலிகள் நகரும் ஓசை அடங்கியது. வேறு வழி தெரியாமல் நாங்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றோம். யார் செத்துப்போனது என்று ஒரு கணம் நானே யோசித்தேன். பக்கத்தில் மெக்கானிக்கின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகை இல்லை.

நிமிடம் முடிந்ததும் தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "யாருங்க தவறினது?"

தம்பி முன்னால் போனான். "யாரும் தவறலீங்க. இன்சூரன்ஸைப் பத்திக் கேக்க வந்தோமுங்க."

முதலில் சிரித்தது தேயிலை பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் டெல்லி விசயம் தம்பி. என்ற கையில இல்லை."

"ஓட்டுக் கேக்க வர்றப்ப டெல்லி பக்கத்துலதான் இருந்துச்சுங்க. இப்ப தூரமாப் போயிருச்சுங்களா?"

கைதட்டல் எழுந்தது. நான் தம்பியின் மழைக்கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் எங்கள் வண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். அவரும் இந்த மலைக்காரர்தான், அவருக்குப் புரிந்துவிட்டது. "சத்தமில்லாம எப்படி வந்தீங்க? எஞ்சினை ஆஃப் பண்ணி உருட்டிட்டு வந்தீங்க, இல்லையா? இந்த மழையில பிரேக் புடிக்கலைன்னா எங்க வந்து விழுவீங்க? இந்தா, இந்த அம்மணி மடியில விழுவீங்க. அந்தம்மாவுக்குக் கால் போனா எவன் குடுப்பான்? அதுக்குத்தானே அந்தப் பணம்! ஏத்தாம என்ன பண்ணுவாங்க?"

இப்போது கைதட்டல் அவருக்கு. தம்பியின் கழுத்து சிவந்தது.

"பெட்ரோல் வெலை ஏறுச்சு, உருட்டறோமுங்க. உருட்டறோம்னு இன்சூரன்ஸ் ஏறுது. நாங்க எதுலதானுங்க வர்றது?"

"பஸ்ல வாங்க! அதுக்குத்தானே நெழல்குடை கட்டியிருக்கறேன்."

"ஞாயித்துக்கெழமை இங்க பஸ்ஸே கெடையாதுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். மேடை, தரை, வண்டிகள் எல்லாம் சேர்ந்து சிரித்ததில் கேள்வி எங்கேயோ போய்விட்டது. யாரோ நிழற்குடையின் ரிப்பனை வெட்டினார்கள். பட்டாசு நமத்துப்போய் வெடிக்கவில்லை.

கிளம்பும்போது தலைவர் தானாகவே தம்பியிடம் வந்தார். தோளில் கை போட்டுக் காருக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். ஹெல்மெட்டுகளைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன், அதனால் கேட்டது.

"உன்ற வண்டிக்கு எப்ப முடியுது?"

"இன்னிக்கோட முடியுதுங்க."

"நல்லாப் பேசறே. ஸ்டேஷனுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லீர்றேன். உன்ற வண்டிய யாரும் நிறுத்த மாட்டாங்க. ஓட்டிக்க."

"எனக்கு மட்டுமுங்களா?"

"எல்லாத்துக்கும்னா சட்டத்தையல்லோ மாத்தோணும்?" முதுகில் தட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்த தம்பியைச் சுற்றிக்கொண்டார்கள். "என்னங்க சொன்னாரு?" என்றார் மெக்கானிக்.

"பாக்கறேன்னாருங்க," என்றான் தம்பி. என் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டான்.

வந்த வழியே திரும்பினோம். இப்போது ஏற்றம். ஐம்பது அறுபது எஞ்சினும் முழுச் சத்தத்தில் உறுமின, சிலர் ஹாரனையும் அழுத்தினார்கள். கேட்க அங்கே ஆளில்லை. தம்பியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இவன் போவானா? போகச் சொல்வதா, வேண்டாம் என்பதா?

வீட்டுக்கு வந்ததும் அவனே என் மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னான். "நமக்கு ஒண்ணும் பிரச்சினையில்லீங்க அண்ணி. வண்டிய எவனும் தொடமாட்டான்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போலீஸ் புடிக்காது, சரி. வளைவுல பள்ளிக்கூடத்துப் புள்ளை ஒண்ணு ஓடியாந்து விழுந்துட்டா? அதுக்கும் அவரு போன் பண்ணுவாருங்களா?"

"இத்தனை வருசத்துல ஒருத்தரையாவது இடிச்சிருக்கறனா அண்ணி?"

"நான் உங்களையச் சொல்லலீங்க. ரோட்டைச் சொல்றேன்."

அவன் கீழே போய்விட்டான். கதவைச் சாத்திய விதத்திலேயே அவன் முடிவு செய்துவிட்டான் என்று தெரிந்தது. காலையில் போகத்தான் போகிறான்.

என்னால் உட்கார முடியவில்லை. பாக்கியிருந்த சட்டைகளைத் தேய்த்தேன், ஒன்றில் மடிப்பு இரட்டையாக விழுந்தது. நிரம்பிய டிரம்களின் மூடிகளை மறுபடியும் போய்ப் பார்த்தேன். பிடிபடாமல் ஓட்டுவது வேறு, காகிதத்தோடு ஓட்டுவது வேறு. இதை அவனிடம் எப்படிச் சொன்னாலும், அண்ணன் காசைக் காட்டிப் பேசுகிறான் என்று எடுத்துக்கொள்வான். நானே கட்டிவிடுகிறேன் என்றால் சண்டைதான் வரும். தலைவரிடம் சலுகை வாங்கிக்கொண்டவனுக்கு, என்னிடம் பணம் வாங்கிக்கொள்ள மானம் இடம் தராது. இதில் எனக்குக் கோபமும் இருந்தது, அவன் மீது ஒரு பரிதாபமும் இருந்தது. இரண்டும் எந்த விகிதத்தில் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டு, நாளின் குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை. தண்ணீர் வராத நாள். எழுந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. கீழே போய், கீழ்ப்போர்ஷன் நடையில் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே தம்பி இருமிக்கொண்டே அடுப்பு பற்றவைப்பது கேட்டது. குடை எடுக்காமல் நடந்து, இரண்டு தெரு தள்ளி, வண்டி இன்சூரன்ஸ் போட்டுத்தரும் ஏஜெண்டின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வாயில் பிரஷ்ஷோடு திறந்தார்.

"வாங்க, வாங்க. நேத்து மஞ்சூர் ரோட்டுல கூட்டத்தோட போய்க் கேள்வி கேட்டீங்களாமே? இன்னிக்கு வெடியறதுக்குள்ள கட்ட வந்துட்டீங்க!"

"தம்பி வண்டிக்குங்க. நேத்தோட முடிஞ்சுருச்சு. பழைய பாலிசி உங்ககிட்டத்தான் இருக்கும்."

"இருக்குதுங்க." வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மேசை விளக்கைப் போட்டார். என் ஈரத் தலையைப் பார்த்தார். "அவருக்குத் தெரியுமுங்களா?"

"நீங்க எழுதுங்க," என்று சொல்லிவிட்டு வண்டி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன்.