நிறைந்து வந்த ஃபிளாஸ்க்

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சம்பள ஒப்பந்தம் பேசுகிற குழுவில் சங்கம் அவரைப் போட்டதிலிருந்து, சலவைச் சட்டையும் கையில் சிவப்பு ஃபிளாஸ்க்குமாகப் புறப்பட ஆரம்பித்தார். அந்தக் குழுவுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையெழுத்தாகும் வரை நிர்வாகத்தின் டீயைத் தொடக் கூடாது. எதிரே அதிகாரிகள் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் வீட்டு டீயை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே விறைப்பாகப் பேச வேண்டும். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து நிர்வாகத்தின் டீயைக் குடிப்பார்கள். கோபத்தைக் காட்ட இதைவிடச் செலவில்லாத வழி இருந்திருக்காது. இஞ்சி தட்டிப் போடுகிற அம்மாவுக்குத்தான் வேலை கூடியது.

சித்தப்பாவும் எங்களோடு டோல்கேட் பகுதி வீட்டில்தான் இருந்தார். அதே துறைமுகத்தில் தற்காலிகத் தொழிலாளி. கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வியாசர்பாடியில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா ஒருமுறை எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அம்மாவைப் போல முடியைப் பிடித்து இழுக்கவில்லை. அதனால் சித்தப்பாவைவிட எனக்குத்தான் அவசரம் அதிகம்.

இந்த முறை சம்பள உயர்வோடு தற்காலிகக்காரர்களை நிரந்தரமாக்கவும் சங்கம் கேட்டிருந்தது.

"உன்ன வுட்டுட்டு நான் கையெய்த்து போட்ருவனாடா?" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி. சித்தப்பா தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

தினமும் அப்பா வந்ததும் சித்தப்பா எதுவும் கேட்க மாட்டார். ஃபிளாஸ்க்கை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். காலியாக இருக்கும். "இன்னும் ஆவல அண்ணி" என்று அம்மாவிடம் கழுவக் கொடுத்துவிடுவார். செய்தித்தாளில் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நிலவரம் அப்படித்தான் தெரியவரும்.

ஒருநாள் அப்பா மத்தியானமே வந்துவிட்டார். சித்தப்பாவுக்கு அன்று வேலை கிடைக்கவில்லை, வீட்டில்தான் இருந்தார். ஃபிளாஸ்க்கை வாங்கியதும் அவர் கை கொஞ்சம் தாழ்ந்தது. அம்மா காலையில் ஊற்றிய டீ அப்படியே இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது அவருக்கு.

"அண்ணாத்தே, ஆச்சா?"

"ஆச்சு" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே முகம் கழுவப் போனார்.

"எங்களுது?"

அப்பா மறுபடியும் மறுபடியும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். "அது அடுத்த ஒப்பந்தத்துல பாக்கலாம்னு சொல்லிக்கிறாங்கடா. கமிட்டில நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?"

தெருவில் அதற்குள் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சம்பளம் கூடிய வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. அப்பாவால் அன்று வேறென்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். மறுத்திருந்தால் அத்தனை வீடுகளின் உயர்வும் நின்றிருக்கும்.

சித்தப்பா உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினார். நிதானமாகக் குடித்தார். தீர்ந்ததும் மறுபடி ஊற்றிக்கொண்டார்.

"இன்னும் சூடாத்தான் கீது அண்ணி" என்றார்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா முகத்தில் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் துடைக்க அதில் என்ன ஈரம் இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஃபிளாஸ்க் கணக்கெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது, கோபம் கோபமாக வந்தது. காலையிலிருந்து தான் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தம்பிக்கென்றே பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறாரே, எனக்கு ஒரு மூடி டீ தரச் சொன்னாரா என்று இரவு வரை அப்பாவோடு பேசாமல் இருந்தேன்.