ஒட்டோவின் கன்னம் பட்ட கட்டை

என் நண்பன் ரைமோ வீட்டுச் சுவரில் தொங்கும் துப்பாக்கிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். போரில் எங்கள் நாட்டுப் படை சுமந்த அதே மாதிரிதான் அத்தனையும். ஒன்றில் குழல் செய்த பட்டறை வேறு, இன்னொன்றில் தோளில் அணைக்கும் மரக்கட்டையின் இணைப்பு வேறு, முத்திரை வேறு. அந்த வேறுபாட்டுக்காகத்தான் அந்த மனுஷன் உயிர் வாழ்கிறான். தபால் வண்டி ஓட்டுவதெல்லாம் சோற்றுக்கு.

"ஒரே துப்பாக்கிய எத்தன தடவதான் வாங்குவே?" என்பாள் அவன் மனைவி ஹில்க்கா.

"நீயும்தான் வாராவாரம் ஒரே பன்னச் சுடுறே. நான் ஏதாவது கேட்டேனா?"

அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: குழலில் 'பி' என்று எழுத்துப் பொறித்தது. அது ஏரிக்கு அக்கரையில் லெம்பி அம்மாவிடம் இருந்தது. அவர் கணவர் ஒட்டோ போர் முடிந்து வாங்கி, கடைசிவரை வேட்டைக்குக் கொண்டுபோன துப்பாக்கி. கேட்டவர்களையெல்லாம் அந்த அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினார். ரைமோ கேட்கவே இல்லை. விறகு பிளந்து கொடுத்தான், காப்பி குடித்தான், ஓரக்கண்ணால் குழலைப் பார்த்தான். இந்த வசந்தத்தில் அவரே எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போப்பா. நீ பாக்குற பார்வையிலயே தேஞ்சிடும்போல. ஒண்ணு மட்டும். கட்டையில இந்தக் கறுப்பு, அவர் கன்னம் பட்டுப் பட்டு ஆனது. அதத் தொட்டுடாத."

தொடமாட்டேன் என்று ரைமோ சத்தியம் செய்தான்.

பழைய கட்டையில் ஊறிய மசகை எடுக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. சவுனாவை, அதாவது வீட்டு நீராவிக் குளியலறையை, இளஞ்சூடாக்கி மேல்பலகையில் கிடத்தினால், மரம் வியர்த்து மசகைக் கக்கும். துணியால் ஒற்றி எடுக்கலாம். சனிக்கிழமை, கறுப்பை மட்டும் தொடாமல் விடுவதென்று, ஒட்டோவின் கட்டையைக் கழற்றி அப்படிக் கிடத்திவிட்டு, ரைமோ அதற்குப் பூச எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனான். அந்த நேரம் பார்த்து ஹில்க்காவின் தம்பி பெர்ட்டி குளிக்க வந்தான். நல்ல பையன், மூளையைத்தான் எங்கோ வைத்துவிட்டு வருவான்.

"அழுக்கா கெடந்துச்சு, மச்சான்! வெந்நி ஊத்தி, தார் சோப்புப் போட்டு நல்லாத் தேச்சிட்டேன். நாம முதுகுல தட்டிக்குற பிர்ச் இலைக் கொத்தாலகூட நாலு தட்டு தட்டினேன்!"

கட்டை பச்சைப்பிள்ளைபோல வெளுத்திருந்தது. கறுப்பு போயே போய்விட்டது. ரைமோ அழுததை அன்றுதான் பார்த்தேன். 'பி' இருக்கிறதே, பேசாமல் மாட்டி வை என்றேன். முறைத்தான்.

"சத்தியம் பண்ணிருக்கேன்டா. திருப்பிக் குடுத்திடணும். வண்டிய எடு."

லெம்பி அம்மா கட்டையை மடியில் வைத்து, கறுப்பு இருந்த இடத்தில் கன்னத்தைச் சாய்த்தார். ரைமோ தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னான்.

"சவுனாவிலயா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா செத்தப்ப எங்கம்மா சவுனாவிலதான் குளிப்பாட்டினா. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரு. யாரோ தொடச்சுப் பெட்டியில வெச்சு மூடி அனுப்பிட்டாங்க. இந்தக் கையால ஒரு சொம்புத் தண்ணி ஊத்த முடியலையேன்னு..."

அந்த அம்மா வெளுத்த மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அதை ரைமோவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சோப்புன்னு சொன்னே?"

"தார் சோப்பும்மா."

"அவரு அதுலதான் குளிப்பாரு."